பதினேழு புள்ளி இரண்டு அடி

ஜூன் 14
138/88.

டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் இரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி வையுங்கள் என்றார். மருந்துக் கம்பெனி இலவசமாகத் தந்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இதயம் சிரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு எண்களுக்கு ஒரு முழுப் பக்கம் என்பது வீண். இருபத்தெட்டு வருடமாக அரசாங்கத்தின் மதிப்பீட்டுத் துறையில் வீண் செலவைக் கண்டுபிடிப்பதே என் உத்தியோகம். ஆகவே மீதி இடத்தில் வேறு விஷயங்களையும் எழுதுவதாக உத்தேசம்.

என் மனைவி சுகந்திக்கு இன்று இடமாறுதல் கலந்தாய்வு. வெண்பாக்கத்தில் ஓடைமேடு தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தாள். தலைமையாசிரியை.

"ஆறு வருஷமா ரெண்டு பஸ் மாறி ஓடினேன். இது ஒரே பஸ்ஸுங்க, இருபது நிமிஷம். ஓடைக்கரைல பள்ளிக்கூடம், காத்து நல்லா வருமாம்."

நல்ல இடம் என்றேன். ஓடைமேடு எனக்குத் தெரிந்த இடம்தான். ஒரு அறிக்கைக்காக பிப்ரவரியில் போயிருக்கிறேன். அதைச் சொல்ல அவசியம் ஏற்படவில்லை.

அக்டோபர் 16
140/90. ஏரி 13.1.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பு. இன்று முதல் வெண்பாக்கம் பெரிய ஏரியின் நீர்மட்டத்தையும் அடிக் கணக்கில் எழுதி வைக்கப் போகிறேன். தொழில் ஆர்வம், வேறொன்றும் இல்லை. அலுவலகக் கணினியில் ஒரு டாஷ்போர்டு இருக்கிறது. ஏரியில் மிதக்கும் கருவி அனுப்புகிற எண் அதில் பச்சை நிறத்தில் தெரியும்.

அந்தக் கருவி என் அறிக்கையின் குழந்தை. முன்பு ஏரிக்கு மூன்று லஸ்கர்கள் இருந்தார்கள். மதகையும் கரையையும் பார்த்துக்கொள்கிற கடைநிலை ஊழியர்களுக்கு அந்தப் பெயர். மூவருக்கும் வருடச் சம்பளம் எட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம். நீர் ஏறினால், ஏரியின் உபரி நீர் ஓடும் ஓடைக்கரையில் இருக்கிற ஓடைமேட்டுக்குப் போய்ச் சொல்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. இந்தச் செலவுக்கு ஈடான பயன் உண்டா என்பது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி.

பயனை அளக்க ஒரு முறை இருக்கிறது. மக்களிடமே கேட்பது. "வெள்ள எச்சரிக்கைச் சேவைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பீர்கள்?" நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் கேட்டோம். நானூற்று மூன்று வீடுகள் ஒன்றும் தர முடியாது என்றன. ஒன்பது வீடுகள் ஐந்து, பத்து என்றன. மொத்தம் மாதம் அறுபத்தைந்து ரூபாய். எட்டு லட்சத்தை விட இது குறைவு என்று அறிக்கையில் எழுதினேன். மறுக்க முடியாத வாக்கியம்.

லஸ்கர்களில் ஒருத்தி கன்னியம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கரையில் டீ வாங்கிக் கொடுத்தாள். நீங்கள் வந்ததிலிருந்து இங்கே என்ன ஆகியிருக்கிறது என்று கேட்டேன். "பதினோரு வருஷமா ஒண்ணுமே ஆவல சார்" என்றாள், பெருமையாக. அதையும் குறித்துக்கொண்டேன். பக்கம் 31: "கடந்த பதினோரு ஆண்டுகளில் எச்சரிக்கைக்குரிய நிகழ்வு எதுவும் இல்லை என்பதை ஊழியர்களே உறுதி செய்கின்றனர்."

மூவரையும் நிறுத்தி, கருவி வைத்து, மக்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பது பரிந்துரை. இயக்குநர் நீலமேகத்துக்கு அதற்காகப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

அக்டோபர் 20
144/90. ஏரி 14.0.

மதிய உணவு வேளையில் ஒரு சின்னக் கணக்கு. ஓடை பெருகும் அளவு வெள்ளம் இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை. அதாவது வருடத்துக்கு நூற்றில் நான்கு. அது பள்ளி வேளையில் வருவதற்கு நாளில் கால் பங்கு. பள்ளி நடக்கும் நாட்கள் வருடத்தில் பாதிக்குச் சற்று மேல். பெருக்கினால் ஆயிரத்தில் ஆறுகூட இல்லை.

சாயங்காலம் கணக்கைத் திருத்தினேன். வெள்ளம் பன்னிரண்டு மாதமும் பரவி வருவதில்லை. மூன்றே மாதம்தான். எண் கூடியது. பிறகு ஒரு நல்ல விஷயம் நினைவுக்கு வந்தது. கனமழை என்றால் கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார். மழை நாளில் பள்ளியில் யாரும் இல்லை. ஆகவே ஆபத்து பூஜ்யம். இரண்டு தட்டு தயிர் சாதம் சாப்பிட்டேன்.

அக்டோபர் 27
152/94. ஏரி 15.3.

குறுஞ்செய்தி ஒத்திகை. காலை பதினொரு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு எண்களுக்கும் "ஒத்திகை: ஏரி நிரம்புகிறது, மேடான இடத்துக்குச் செல்லவும்" என்று போனது. பதினொன்றே காலுக்கு எனக்கு ஒரு போன்.

"சார், போர்வெல் கம்பெனிங்க, தர்மபுரில இருந்து பேசறேன். உங்க ஏரி ரொம்புதுன்னு எனக்கு நூத்திமுப்பத்தொரு மெசேஜ் வந்துருக்குங்க."

"தவறுதலா வந்திருக்கும்."

"ஒண்ணு வந்தா தவறுதல். நூத்திமுப்பத்தொண்ணு வந்தா? போன் சூடாயிருச்சு. இங்க ஆயிரம் அடி தோண்டியும் தண்ணி இல்லைங்க. ஏரி ரொம்புனா கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி வைங்க."

காரணம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஓடைமேட்டில் ஒரு நீளமான சுவர் இருக்கிறது. அதில் ஆள் உயரத்துக்கு அந்தக் கம்பெனியின் விளம்பரமும் எண்ணும் எழுதியிருக்கும். கணக்கெடுக்கப் போன பிள்ளைகள் மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்ட கையோடு போன் நம்பரும் கேட்டிருக்கிறார்கள். புது வரி வரப் போகிறது என்று நினைத்த ஜனம் எதிர்ச் சுவரைப் பார்த்துப் படித்துச் சொல்லியிருக்கிறது. மற்றவர்கள் சொன்ன எண்கள் எந்தச் சுவரிலிருந்து வந்தவையோ.

வரிக்குப் பயந்து நம்பரை மாற்றிச் சொன்னவர்கள், அதே பயத்தில்தான் ஒன்றும் தர மாட்டோம் என்றும் சொல்லியிருக்க வேண்டும். இது இப்போது தோன்றுகிறது.

மார்ச்சிலும் தோன்றியது. பக்கம் 44, அடிக்குறிப்பு 7: "சில எண்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன, முடிவுகளை இது பாதிக்காது."

அக்டோபர் 28
154/96. ஏரி 15.6.

இயக்குநரிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பொறுமைசாலி.

"குலசேகரன், நம்பர் தப்புன்னா சர்வே தப்பு. சர்வே தப்புன்னா ரிப்போர்ட் தப்பு. ரிப்போர்ட்டை வச்சு இன்னும் நாப்பது ஏரில ஆளைக் குறைச்சாச்சு. நீங்க இப்ப எதைத் திருத்தணும்ங்கறீங்க?"

"நம்பரை மட்டும்."

"சரி, மறுபடி சர்வே. பட்ஜெட் வேணுமே. அந்தச் செலவுக்கு என்ன பயன்னு ஒரு நோட் போடுங்க."

போட்டேன். பயன் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், பழக்கத்தில் அறுபத்தைந்து ரூபாய் என்று எழுதிவிட்டு, பிறகு அடித்தேன்.

நவம்பர் 4
150/94. ஏரி 16.4.

சுகந்தி பள்ளியைப் பற்றி நிறையப் பேசுகிறாள். எண்பத்து நான்கு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் ஒருவன் தினமும் இரண்டு முட்டை கேட்கிறானாம், ஒன்று தம்பிக்கு. தம்பிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. கேட்டுச் சிரித்தேன். சிரித்தது சற்று அதிகமாக இருந்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லையா என்றாள்.

நவம்பர் 8
156/96. ஏரி 17.2.

கனமழை. பள்ளிக்கு விடுமுறை. சுகந்தி வீட்டில் பஜ்ஜி போட்டாள். மழை எனக்குப் பிடிக்கிறது.

நவம்பர் 9
152/94. ஏரி 17.2. மழை. விடுமுறை.

நவம்பர் 10
158/98. ஏரி 17.2. மழை. விடுமுறை.

நவம்பர் 11
162/98. ஏரி 17.2.

நான்கு நாளில் இருபத்தாறு சென்டிமீட்டர் மழை. ஏரி ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன்.

"ரொம்ப ஸ்டேபிளா இருக்கு சார்" என்றார் அங்கே இருந்தவர். "மத்த ஏரியெல்லாம் ஏறி இறங்கிட்டு இருக்கு. உங்களோடதுதான் ஆடாம அசையாம நிக்குது. நல்ல ஏரி சார்."

"யாராவது நேர்ல போய்ப் பார்த்தாங்களா?"

"பாக்கறதுக்கு இப்ப ஆள் இல்ல சார். அதுக்குத்தான கருவி."

நானே போய்ப் பார்க்கலாம். பதினெட்டு கிலோமீட்டர். ஆனால் முன் அனுமதி இல்லாமல் களப்பயணம் கூடாது என்பது விதி. விண்ணப்பித்திருக்கிறேன்.

நவம்பர் 12
160/98. ஏரி 17.2.

விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் விளங்கவில்லை என்று திரும்பி வந்தது. விளக்கி மறுபடி அனுப்பினேன்.

மழை விட்டது. பள்ளி திறந்தது. சாயங்காலம் சுகந்தி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு ஒரு மீன்காரம்மா ஸ்கூலுக்கு வந்தாங்க. ஏரிக்கரைல மீன் வறுத்து விக்கறவங்களாம். மீன் விக்க வரலை. மணி எங்க இருக்குன்னு கேட்டாங்க."

"எந்த மணி?"

"முந்தி வேப்பமரத்துல தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்குமாம். கரண்ட் பெல் வந்ததும் கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாங்க. அதைத் தேடி எடுத்து, அவங்களே கயிறு வாங்கிட்டு வந்து கட்டித் தொங்கவிட்டுட்டுப் போறாங்க. என் நம்பரையும் வாங்கிக்கிட்டாங்க. சரியான நம்பர்தானா டீச்சர்னு ரெண்டு தரம் கேட்டாங்க. விசித்திரமா இல்ல?"

பெயர் கேட்டாயா என்றேன். கன்னியம்மாள் என்றாள்.

நவம்பர் 13
166/100. ஏரி 17.2.

நாளை ஒரு நாள் லீவு போடேன் என்றேன்.

"நாளைக்கா? குழந்தைகள் தினங்க. மாறுவேடப் போட்டி இருக்கு. எதுக்கு லீவு?"

காரணங்கள் சொன்னேன். என் இரத்த அழுத்தம். அவளுடைய முழங்கால். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை தள்ளுபடி.

"முப்பது வருஷத்துல நீங்களாப் பட்டுச் சேலைன்னு சொல்றது இதுதான் முதல் தரம்" என்று என் முகத்தைப் பார்த்தாள். "எதையோ மறைக்கறீங்க. ஆஸ்பத்திரி விஷயமா?"

இல்லை என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்குப் பக்கம் 44 பற்றிச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 14
காலையில் 164/100.

நல்ல வெயில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வெயிலில் கலெக்டர் விடுமுறை விடுவதில்லை என்பது பஸ் ஸ்டாப்பில் அவளை ஏற்றிவிட்ட பிறகு உறைத்தது. ஏரி நிரம்புவது அதன் தலைக்கு மேல் பெய்த மழையால் அல்ல. மேலே இருக்கிற மூன்று ஏரிகள் நிரம்பி, வடிந்து, சாவகாசமாக இரண்டு நாள் கழித்து வந்து சேரும் தண்ணீரால். இது எல்லோருக்கும் தெரியும். என் கணக்கில் மட்டும் இல்லை.

பத்தரை மணிக்கு வேறு மாநில அதிகாரிகளுக்கு நம் திட்டத்தை விளக்கும் கூட்டம். நான்தான் பேச வேண்டும். பெரிய திரையில் டாஷ்போர்டு. 17.2, பச்சை நிறத்தில். கைபேசியை ஒலியடக்கி மேஜை மேல் வைத்திருந்தேன். 11.20க்கு சுகந்தியின் பெயர் வந்தது. 11.22. 11.23. எதிரே அமர்ந்திருந்தவர் குறைந்த செலவில் நிறைந்த பயன் என்பதை விளக்கச் சொன்னார். விளக்கினேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. கை தட்டினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு தரம். விண்ணப்பம், அனுமதி எதுவும் இல்லாமல் ஆட்டோவில் ஏறினேன். ஓடைமேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னால் சாலையில் தண்ணீர். அதற்கு மேல் போகாது என்றார் ஆட்டோக்காரர். இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தபோது பள்ளியின் ஓட்டுக் கூரையும் வேப்பமரத்தின் மேல் பாதியும் தெரிந்தன. மேட்டுப் பக்கமாக ஏறும் சுவரில் போர்வெல் கம்பெனியின் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தன.

பக்கத்தில் நின்றவரிடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. அவர் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அவராகத்தான் சொன்னார். "பசங்கள எல்லாம் கல்யாண மண்டபத்துல வச்சிருக்காங்க சார். ஒங்க புள்ள எத்தனாங் கிளாஸு?"

மண்டபம் மெயின் ரோட்டில், மேட்டில். வாசலில் ஒரு கத்திரிக்காய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. உள்ளே இரண்டு கிருஷ்ணர்கள், ஒரு போக்குவரத்துக் காவலர், நான்கைந்து டாக்டர்கள். நடுவில் சுகந்தி, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பெயர் வாசித்துக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது தரமாம். எண்பத்து நான்கு.

"அந்தம்மா மொபெட்ல வந்தாங்க" என்றாள். "விசில் ஊதிக்கிட்டே தெரு முழுக்க வந்து, நேரா மரத்தடிக்குப் போய் அந்த இரும்பை அடிச்சாங்க பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ரெண்டு அங்குலம் ஏறுது, முக்கா மணி நேரந்தான் டீச்சர்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே வந்துச்சு. கரும்பலகை உயரத்துக்கு." பிறகு, "போன் பண்ணேன். எடுக்கலையே" என்றாள்.

மீட்டிங் என்றேன்.

நவம்பர் 15
170/104.

ஓடைமேட்டில் உயிர்ச்சேதம் இல்லை. கருவியைத் தூக்கிப் பார்த்தார்கள். மிதவையைச் சுற்றி ஆகாயத்தாமரை பின்னிக்கொண்டு நகர விடவில்லை. இயக்குநர் அழைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல பெரிய வெள்ளம். உயிரிழப்பு பூஜ்யம். திட்டம் வந்த முதல் வருஷமே. இதை ஒரு மதிப்பீடா எழுதிடுங்க."

"அது கருவியால இல்ல சார். நிறுத்தப்பட்ட லஸ்கர் ஒருத்தர் தானா வந்து சொல்லியிருக்கார்."

"அப்படியா? பாராட்ட வேண்டிய விஷயம். ஒரு சால்வை போடுவோம்."

"மறுபடி வேலைக்கு எடுக்கலாம்."

அவர் உண்மையிலேயே குழம்பினார். "எதுக்கு? சம்பளம் இல்லாமலே செய்யறாங்களே. இலவசமா கிடைக்கறதுக்கு எட்டு லட்சம் கொடுக்கணும்னு நீங்களே எழுதுவீங்களா, குலசேகரன்?"

என் பாடத்தை எனக்கே ஒப்பித்தார். ஒரு தப்பும் இல்லாமல் ஒப்பித்தார்.

நவம்பர் 17
களப்பயண அனுமதி வந்தது.

போனேன். கன்னியம்மாள் கரையில் மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க சார். டீ இல்ல, மீன்தான் கீது."

நன்றி சொல்ல வந்தேன் என்றேன். டீச்சர் என் மனைவி என்றேன்.

"தெரியும் சார். டீச்சர் போன்ல ஒங்க போட்டோ பார்த்தேன் மண்டபத்துல. இவருதானே நம்ம கணக்கு சாருன்னேன்." அடுப்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "பதினோரு வருஷமா ஒண்ணும் ஆவலன்னு சொன்னேன். எப்பிடி ஆவலன்னு நீங்க கேக்கவே இல்லியே சார். கேப்பீங்கன்னு ரெண்டாவது டீயும் சொன்னேன்."

அடுத்த மழைக்கும் பார்த்துக்கொள்வீர்களா என்றேன். சம்பளம் பற்றி எழுதியிருக்கிறேன், நேரமாகும் என்றேன்.

"இன்னாத்த பாக்கறது. வூடு பூட்சி. பொண்ணு திருப்பூர்ல கீறா. பனியன் கம்பெனில சேத்துவுடறேன்றா. இந்த வாரம் கெளம்பறேன்." பிறகு எழுந்து, கரைக்குக் கீழே நட்டிருந்த அளவுக்கல்லைக் காட்டினாள். "இருபது அடிக்கு மேல வந்தா செவப்புக் கோடு முழுவிடும். அத்த மட்டும் பாத்தா போதும் சார். கருவி வாணாம். கண்ணு போதும்."

மீன் வாங்கினேன். அறுபது ரூபாய். நூறு கொடுத்தேன். மீதி நாற்பதை எண்ணிக் கொடுத்தாள்.

நவம்பர் 18
அழுத்தம் பார்க்கவில்லை.

சுகந்தியின் கையில் என் அறிக்கை. அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு பக்கமாக, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி படித்தாள். நான் சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"இதுல எனக்கு எவ்வளவு போட்டிருந்தீங்க?"

"அப்போ நீ அங்கே இல்லை."

"பிள்ளைங்களுக்கு?"

வீட்டுக்கு வீடு கேட்டதில் அவர்களும் அடக்கம் என்றேன். அதாவது அறுபத்தைந்து ரூபாயில். அறிக்கையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். "உங்களுக்கு ஜூன்லயே தெரியும்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. ஆகவே பதில் தேவைப்படவில்லை.

நவம்பர் 26
168/102.

மதிப்பீட்டைக் கொடுத்தேன். இணைப்பாக நான்கு பக்கம். நூற்று முப்பத்தொரு எண்கள், ஆகாயத்தாமரை, தண்டவாளத் துண்டு, மொபெட், எல்லாம். மாலையில் சுற்றுக்கு வந்த பிரதியில் இணைப்பு இல்லை. "உயிரிழப்பு: பூஜ்யம்" மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. கருவியைக் கழுவி மறுபடி மிதக்க விட்டிருக்கிறார்கள். பள்ளியைக் கழுவி மறுபடி திறந்திருக்கிறார்கள். வங்கக்கடலில் புதிய காற்றழுத்தத் தாழ்வு.

சுகந்தியிடம் வேறு பள்ளி கேட்கலாமே என்றேன்.

"நான் மாறிடுவேன். எண்பத்து நாலு பேருக்கும் மாறுதல் வாங்கித் தருவீங்களா?"

டிசம்பர் 1
ஏரி 19.1, கண்ணால் பார்த்தது. டாஷ்போர்டில் மறுபடியும் 17.2. தற்செயல் விடுப்பு மீதம் 3.

டிசம்பர் 2
19.5. கண்ணால் பார்த்தது. மழை இல்லை. கரையில் என்னைத் தவிர ஒரு நாய். மீதம் 2.

டிசம்பர் 3
19.8. மீதம் 1. துறையிலிருந்து போன். உடம்பு எப்படி இருக்கிறது என்று இயக்குநர் விசாரித்தார்.

டிசம்பர் 4
இரத்த அழுத்தக் கருவி வீட்டில் இருக்கிறது. நோட்டு மட்டும் கையில்.

காலை ஆறு மணியிலிருந்து அளவுக்கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நல்ல வெயில். எட்டு மணிக்குச் சிவப்புக் கோடு தெரிந்தது. ஒன்பதுக்குத் தெரிந்தது. ஒன்பதே முக்காலுக்குத் தெரிகிறதா இல்லையா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் தப்பாகப் பார்க்கிறேனோ என்று தோன்றியது. வீணாக எண்பத்து நான்கு பிள்ளைகளை வெயிலில் நடக்க விடுவதற்கு என்ன செலவு என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. பத்து மணிக்குக் கோடு இல்லை.

சுகந்தியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"முழுகிடுச்சு" என்றேன்.

"நீங்க பார்த்தீங்களா, கம்ப்யூட்டர்ல இருக்கா?"

"நான் பார்த்தேன்."

போனை வைக்காமலே நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்த இரும்பை அடிக்கிற சத்தம். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நடக்கிற இரைச்சல்.

என் தற்செயல் விடுப்பு இன்றோடு தீர்ந்தது. பருவமழை முடிய இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது.